பதினான்காம் கேள்வி

மெல்பேர்ணில் இருந்துகொண்டு பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால், எங்கள் ஆட்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு, இந்த மனிசிக்கு ஏதும் பிரச்சினையோ என்று கேட்பதுபோல என் கணவரின் முகத்தைப் பார்ப்பார்கள். "ஏன் பிள்ளை, இஞ்ச இல்லாத யூனிவேர்சிற்றியோ?" என்று கேட்காத அன்ரி நாங்கள் இருக்கும் கிரான்பர்னில் இல்லை. முதல் ஆறு மாதம் பொறுமையாகப் பதில் சொன்னேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதே வேகத்தில் போயும்விடும். இடையில் நான் வாயைத் திறப்பதுதான் பிரச்சினை. ஒருநாள் கல்யாண வீடொன்றில், "உங்கட மாமியை முதியோர் இல்லத்தில குளிப்பாட்டி உடுப்பு மாத்திறது ஆர் அன்ரி? பிலிப்பைன்ஸ் பிள்ளையள்தானே? அவையளுக்குப் படிப்பிச்ச ஆக்கள் எனக்குப் படிப்பிச்சா நான் என்ன குறைஞ்சே போவன்?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஆனால் உண்மையான காரணத்தை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நான் தாதியாக வேலை தொடங்கிய முதல் வாரம் அது. நடக்க முடியாதவர்களைக் கட்டிலில் இருந்து தூக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஹொயிஸ்ட் என்போம். அதன் பட்டிகளை எப்படிக் கொளுவுவது என்று ஒரு மூத்த தாதி மடமடவென்று காட்டிவிட்டு, விளங்கியதா என்று கேட்டார். ஒன்றுமே விளங்கவில்லை. நான் அழகாகச் சிரித்துத் தலையாட்டினேன். மறுநாள் காலை ஒரு முதியவரைத் தூக்கும்போது ஒரு பக்கப் பட்டியை நான் கொளுவவே இல்லை. அவர் சரியத் தொடங்கிய கணத்தில், எதிர்ப்பக்கம் நின்ற பிலிப்பினோ தாதி ஒரே பாய்ச்சலில் வந்து அவரை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அந்த ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கொளுவாத பட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. "நேற்று உனக்கு விளங்கவில்லை, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அதற்கும் நான் தலையாட்டினேன். அவர் சிரித்துவிட்டார். தங்கள் ஊரிலும் டீச்சர் கேட்டால் எல்லோரும் 'யெஸ் மேம்'தான், விளங்கியதோ இல்லையோ என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. வயதிலும் மூத்தவர். தமிழில் அக்கா என்று கூப்பிட்டால் மனம் குளிர்ந்து திரும்பிப் பார்ப்பார். அவர்தான் தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தொலைவிலிருந்தே தாதியர் கல்வியில் முதுகலை செய்தவர். நீயும் செய் என்று என்னைப் பிடித்துத் தள்ளியவரும் அவர்தான்.

தள்ளியது நல்லதாகப் போயிற்று. நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு இவ்வளவு சந்தோசம் வரலாமா என்று எனக்கே சந்தேகம். சனிக்கிழமை வகுப்பு என்றால் வெள்ளிக்கிழமையே கறி வைத்து முடித்துவிடுவேன். வகுப்பில் எல்லோரும் எல்லோரையும் மேம், சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னோடு படிக்கிறவர்களே என்னை மேம் என்பார்கள். வீட்டில் அம்மா, வேலையில் சிஸ்டர் என்றே கேட்டுப் பழகிய எனக்கு அது என்னவோ பட்டம் சூட்டியதுபோல இருந்தது. எனக்கு வழிகாட்டிய பேராசிரியையையும் நான் மேம் என்றே சொல்கிறேன். மணிலாவில் இருந்துகொண்டு, என் ஒவ்வொரு அத்தியாயத்தையும் சிவப்பால் நிரப்பி அனுப்புவார். கடைசியில் ஒரு பூப்படமும் போட்டிருப்பார்.

என் ஆய்வின் கேள்வி எளிமையானது. இங்கே தாதிகளாகவும் பராமரிப்பாளர்களாகவும் பயிற்சி எடுக்கும் தமிழ்ப் பெண்கள், விளங்காததை விளங்கவில்லை என்று பயிற்றுநரிடம் சொல்கிறார்களா? இருபது வசனங்கள் கொண்ட படிவம் ஒன்று தயாரித்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை. முழுதாக உடன்பட்டால் ஐந்து, உடன்படாவிட்டால் ஒன்று. 'எனக்கு விளங்காவிட்டால் தயங்காமல் கேட்பேன்' என்பது போன்ற வசனங்கள். மேம் ஒன்றை மட்டும் தலைகீழாகப் போடச் சொன்னார். அதுதான் பதினான்காவது: 'எனக்கு விளங்காவிட்டாலும் விளங்கியதாகத் தலையாட்டுவேன்.' ஆட்கள் வாசித்துத்தான் நிரப்புகிறார்களா என்று அது காட்டிக்கொடுக்கும் என்றார். எனக்கு அது தேவையில்லாத வேலையாகப் பட்டது. எங்கள் பெண்கள் வாசிக்காமல் நிரப்புவார்களா என்ன!

எனக்கு அவசரமும் இருந்தது. எங்கள் இல்லத்தில் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் தாதியின் இடம் வெறுமையாகக் கிடந்தது. முதுகலை முடித்தவருக்குத்தான் அது. மேலாளர் எனக்காகக் கொஞ்சக் காலம் பிடித்து வைத்திருந்தார். என் வாய்மொழித் தேர்வுக்குத் திகதி குறித்தாயிற்று. அதைத் தவறவிட்டால் அடுத்தது அரை வருடம் கழித்து, அதுவரை அந்த இடம் எனக்காகக் காத்திருக்காது. அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஹொயிஸ்ட்டின் பட்டியை முதல்நாள் வருகிற பிள்ளைக்கு நான் மெதுவாகக் காட்டுவதாகக் கனவே கண்டிருக்கிறேன்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் படிவங்களைக் கொடுத்தேன். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேர் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். பொரித்த பற்றிஸ் பலகாரம் ஒரு கையில், பேனை மறு கையில், மண்டபம் முழுக்கக் கலகலப்பு. மல்கிரேவில் இருந்து வரும் அன்ரி ஒருவர்தான் எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தார். பதினைந்து வருடமாக முதியோர் பராமரிப்பில் இருப்பவர், கோயிலில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

"பிள்ளை, இதில எது கூட? ஒண்டோ அஞ்சோ?" என்று கேட்டார்.

"அஞ்சுதான் அன்ரி கூட," என்று சொல்லிவிட்டு நான் தேநீர் ஊற்றப் போய்விட்டேன். என் வாழ்நாளில் நான் யோசிக்காமல் சொன்ன வசனங்களில் இதற்குத்தான் முதலிடம்.

பத்து நிமிடத்தில் எல்லாப் படிவங்களும் கைக்கு வந்தன. ஒன்றுகூட வெறுமையாக இல்லை. வீட்டுக்கு வந்து கணினி அட்டவணையில் ஏற்றத் தொடங்கினேன். ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. எங்கள் பெண்கள் பயப்படுவதே இல்லை! விளங்காவிட்டால் கேட்கிறார்கள்! நான் மட்டும்தான் அந்தக் காலத்தில் மடைச்சியாக இருந்திருக்கிறேன்! குசினியில் நின்று கைதட்டினேன். கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, லொத்தரே விழுந்தது?" என்றார். பக்கத்தில் நின்ற மகள் ஆங்கிலத்தில், அம்மா, ஆய்வு இவ்வளவு வடிவாக வராது என்றாள். நான் அவளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதே வேகத்தில் எல்லாவற்றையும் மணிலாவில் இருக்கும் புள்ளிவிபரக்காரருக்கு அனுப்பினேன்.

அவருடைய பதில் இரண்டு வரிதான். "மிக அழகான தரவு, மேம். பதினான்காம் கேள்வியைத் தயவுசெய்து பாருங்கள்."

பார்த்தேன். பதினான்கிலும் ஐந்து. எல்லோரும் ஐந்து. அதாவது எங்கள் பெண்கள் விளங்காவிட்டால் தயங்காமல் கேட்கிறார்கள். அதே பெண்கள் விளங்காவிட்டாலும் தலையாட்டுகிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்? மல்கிரேவ் அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"அன்ரி, எல்லாரும் ஏன் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருக்கினம்?"

"பின்ன?" என்றார் அவர், பெருமையோடு. "நான்தான் சொன்னனான். பிள்ளை பாவம், வேலையும் செய்து படிக்குது, ஒருத்தரும் குறைச்சுப் போடாதேங்கோ எண்டு. ஒருத்தி நாலு போட்டவள். அதையும் நான் வெட்டி அஞ்சாக்கினனான்."

"அன்ரி, அது எனக்குப் போடுற மார்க்ஸ் இல்லை! உங்களைப் பற்றிக் கேட்டது!"

"எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும்தானே பிள்ளை. உமக்கு அவங்கள் பாஸ் தரவேணுமெல்லோ."

போனை வைத்துவிட்டுக் கத்தினேன். பிறகு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்தது, அந்த நாலு போட்டவளை நினைத்து. யார் பெற்ற பிள்ளையோ, எனக்கு உண்மையைச் சொல்லப் பார்த்த ஒரே ஆள்.

இப்போது ஒரு அசிங்கமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். பதினான்காம் கேள்வியை அட்டவணையில் இருந்து தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஒரேயொரு நிரல். தேர்வுத் திகதியும் கைவிட்டுப் போகாது, வேலையும் போகாது, என் ஆய்வு சந்தோசமான செய்தி ஒன்றையும் உலகத்துக்குச் சொல்லும். நான் அந்த நிரலை அழித்தேன். அழித்துவிட்டு ஒரு தேநீர் குடித்தேன். பாதியில் கோப்பையை வைத்துவிட்டேன். திரும்பி வந்து அழித்ததை மீட்டேன். பிறகு மேமுக்கு நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதினேன், தேநீர் உட்பட.

அன்று பின்னேரமே மேம் திரையில் வந்தார். அன்ரி நாலை வெட்டி ஐந்தாக்கிய இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிய, மணிலாவிலும் தன் மாணவர்கள் இதையேதான் செய்வார்கள் என்றார். "அவர்கள் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்கள், மேம். படிவத்தில் சொல்லவில்லை. படிவத்தை நிரப்பிய விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். போய் அவர்களோடு கதையுங்கள்."

எனக்குப் புல்லரித்தது. அதுவரை என் ஆய்வு நான் முடிக்க வேண்டிய வேலையாக இருந்தது. அந்த நிமிடத்தில் அது எனக்கு உயிருள்ள ஒன்றாகிவிட்டது. படிவத்துக்குப் பதிலாக அவர்களின் பேச்சைப் பதிவு செய்யப் பல்கலைக்கழகத்திடம் புதிய அனுமதி கேட்கும் கடிதங்களை நானும் அக்காவும் வேலை இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதினோம். அனுமதி வர மூன்று வாரம் எடுத்தது. அதன் பிறகு தேர்வுக்கு ஐந்து வாரம்தான் மிச்சம் இருந்தது.

அனுமதி வந்த அடுத்த ஞாயிறு மண்டபத்தில் படிவம் இல்லை. எல்லோரும் பதிவு செய்யச் சம்மதித்துக் கையெழுத்து வைத்த பிறகு, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நான் ஹொயிஸ்ட் கதையைச் சொன்னேன். விளங்காமலே தலையாட்டியதை, பட்டியைக் கொளுவாததை, ஐயா சரிந்ததை. யாருக்கும் சொல்லாத கதை. முதலில் வாயைத் திறந்தவர் மல்கிரேவ் அன்ரி.

"நானும் ஒருக்கா... சீனி வருத்தக்காரருக்கு எத்தினை மணிக்குச் சாப்பாடு எண்டு சொன்னவை. விளங்கேல்லை. ஓம் எண்டனான். மனிசன் மயங்கிப் போச்சுது." அவர் கையிலிருந்த கைக்குட்டையைச் சுருட்டினார். "பதினஞ்சு வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் பிள்ளை."

அதற்குப் பிறகு அணை உடைந்ததுபோலத்தான். ஒருவர் முடிக்க முன் மற்றவர் தொடங்கினார். விளங்கேல்லை எண்டு சொன்னா ஆங்கிலம் தெரியாதெண்டு நினைப்பினம் என்றார் ஒருவர். சொல்லித் தாறவையின்ர மனம் நோகுமெல்லோ என்றார் இன்னொருவர். பற்றிஸ் ஆறிப்போய்க் கிடந்தது, யாரும் தொடவில்லை. இதைவிடப் பெரிய சந்தோசத்தை நான் எந்த வகுப்பிலும் அனுபவித்ததில்லை.

ஒரு ஆள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நகரின் மறுகோடியில் உள்ள பொயிண்ட் குக்கில் இருந்து கிரான்பர்னுக்கு அண்மையில் மாறி வந்த இளம் பெண், தாதிப் படிப்பின் கடைசி வருடம். பொதுவாகவே கேட்டால்தான் பேசுவாள், கேட்டாலும் இரண்டு சொல்தான். கார் நிறுத்தும் இடத்தில் என் பின்னால் ஓடி வந்தாள். "அக்கா, என்னை ஆஸ்பத்திரிப் பயிற்சியில ஒருக்கா பெயிலாக்கினவை. கேள்வி கேக்கிறதில்லை எண்டு. இப்பத் திரும்பச் செய்யிறன். இந்தமுறையும் வாயே வருகுதில்லை. இதை எழுதாதேங்கோ." கடைசி வசனத்தைச் சொல்லும்போது என் கையைப் பிடித்திருந்தாள். நான் எழுதவில்லை. இன்று எழுதுவது அவளிடம் கேட்டுவிட்டுத்தான்.

அந்த ஐந்து வாரமும் வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்கான சாப்பாடு இல்லை. பதிவுகளைக் கேட்டேன், எழுதினேன், மேம் சிவப்பால் நிரப்பினார், மறுபடி எழுதினேன். அக்கா தேர்வாளர் போல நடித்து மதிய இடைவேளைகளில் என்னைக் குடைந்தெடுத்தார். எந்தக் கேள்வி வந்தாலும் ஒரு பெரிய சொல்லை எடுத்து வீசும் அளவுக்குத் தயாராகிவிட்டேன்.

தேர்வு ஒரு சனிக்கிழமை, எங்களுக்கு நடுப்பகல். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வாளர்களுக்கு மாணவர்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்காமல் எதையும் தொடங்காத சனம் நாங்கள். எனக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. மணிலாவில் இருக்கும் அக்காவின் தங்கை நூடில்ஸ் பெட்டிகளும் கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். திரையில் மூன்று தேர்வாளர்களும் நூடில்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து எனக்குக் கையசைத்தார்கள். யாரும் வந்து பார்க்கலாம் என்பதால், மல்கிரேவ் அன்ரி கோயில் மண்டபத்தில் பெரிய திரை போட்டுப் பெண்களை எல்லாம் இருத்தியிருந்தார். வீட்டில் என் பக்கத்தில், கமெராவில் தெரியாமல், அக்கா.

ஒரு மணித்தியாலம் பறந்தது. படிவத்தின் கதையில் தேர்வாளர்கள் சிரித்தார்கள். நான் வானத்தில் இருந்தேன். கடைசியில் மூவரிலும் மூத்தவர், அதுவரை சாப்பாட்டைத் தவிர எதிலும் அக்கறை காட்டாதவர், முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"முதல் முறை அவர்கள் உங்களை மகிழ்விக்க ஐந்து போட்டார்கள். சரி. இரண்டாம் முறை நீங்கள் உங்கள் கதையை முதலில் சொன்னீர்கள். அவர்களும் அதே மாதிரிக் கதைகளைச் சொன்னார்கள். இதுவும் உங்களை மகிழ்விக்கச் சொன்னவை அல்ல என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா என் தொடையில் கிள்ளினார். பெரிய சொற்கள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வரவில்லையே என்ற வியப்புத்தான் முதலில் வந்தது. என்ன அழகான கேள்வி! அன்ரியின் கைக்குட்டையை நினைத்தேன். நான் நம்புகிறேன். ஆனால் நம்புவது வேறு, தெரிவது வேறு.

"எனக்குத் தெரியாது, சேர்," என்றேன்.

மூத்தவர் எதையோ குறித்துக்கொண்டார். தேர்வாளர்களுக்குப் பக்கத்தில் இருந்த மேம் மேசையைப் பார்த்தார். பிறகு, வழக்கப்படி, அவர்கள் தீர்மானிக்கும்வரை என்னை வெளியே போகச் சொன்னார்கள். வெறும் திரையைப் பார்த்தபடி நானும் அக்காவும் இருந்தோம். பயிற்சித் தாதியின் இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். அக்கா மட்டும், "பரவாயில்லை, உண்மையைத்தானே சொன்னாய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குரலும் சரியாக இல்லை.

மறுபடி உள்ளே எடுத்தபோது அந்த மூத்தவர்தான் பேசினார். "இவ்வளவு காலத்தில் இந்த மேசையில் இருந்து தெரியாது என்ற சொல்லை நான் கேட்டதில்லை, மேம். எல்லோரும் எனக்குப் பதில் தந்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேருக்கு உண்மையில் தெரிந்திருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்." முள்ளுக்கரண்டியை மறுபடி எடுத்தார். "என் கேள்வியையும் உங்கள் பதிலையும் அப்படியே கடைசி அத்தியாயத்தில் சேருங்கள். நீங்கள் சித்தியடைந்துவிட்டீர்கள்."

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அக்கா என்னைத் தூக்கியே விட்டார். கோயில் மண்டபத்துக்கு வீடியோவில் போன் எடுத்தால் அங்கே அதைவிடப் பெரிய சத்தம். "பிள்ளை, சோக்காக் கதைச்சனீர்!" என்று அன்ரி திரைக்குள் முகத்தைக் கொண்டுவந்து கத்தினார். "எங்கள் எல்லாருக்கும் எல்லாம் வடிவா விளங்கினது!" பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

அப்போது யாரோ அன்ரியை மெல்ல விலக்கினார்கள். அந்த இளம் பெண். முகம் சிவந்திருந்தது, மூச்சு வாங்கியது.

"எனக்கு விளங்கேல்லை அக்கா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்தச் சேர் கடைசியாக் கேட்ட கேள்வி. அதைத் திரும்பச் சொல்லுவீங்களே?"

ஆட்டிய தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. அக்காவுக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன, என்ன என்று என் தோளை உலுக்கினார். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"சொல்லுறன் தங்கச்சி, கேளும்," என்று முதலில் இருந்து தொடங்கினேன்.